மான் வேட்டையில் உருமறைப்பு உடை: மனிதக் கண்ணும் மானின் கண்ணும்

அமெரிக்காவில் வெள்ளைவால் மானை வேட்டையாடச் செல்பவர்கள் ஆயுதத்துக்கு அடுத்தபடியாக அதிகம் யோசித்து வாங்குவது உடையைத்தான். ஓக் மரப்பட்டையும் காய்ந்த இலையும் தத்ரூபமாக அச்சிடப்பட்ட சட்டை, கால்சட்டை, தொப்பி, கையுறை, முகத்திரை என்று தலை முதல் கால் வரை ஒரே அச்சில் அணிந்துகொள்வது அங்கே பழகிப்போன காட்சி. அந்நாட்டு மீன், வனவிலங்குப் பணித்துறையின் 2016ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மான் வேட்டைக்குச் சென்றவர்கள் ஏறத்தாழ 80 லட்சம் பேர். இத்தனை பெரிய சந்தையில் ஒவ்வொரு நிறுவனமும் தன் அச்சே மானின் கண்ணுக்குத் தப்பும் என்று விளம்பரம் செய்கிறது. மானின் கண் எப்படி வேலை செய்கிறது என்பது முப்பது ஆண்டுகளுக்கு முன்பே அளந்து பார்க்கப்பட்டுவிட்ட நிலையில், அந்த விளம்பரங்களை அறிவியலோடு ஒப்பிட்டுப் பார்ப்பது கடினமன்று. அப்படிப் பார்த்தால், உடை ஓரளவு பொருட்படுத்த வேண்டியதுதான், ஆனால் கடையில் நாம் எதைப் பார்த்து அதை வாங்குகிறோமோ அந்தக் காரணங்களுக்காக அன்று என்பது தெரிகிறது.

உருமறைப்பு உடை வேட்டைக்கு வந்து அதிகக் காலம் ஆகிவிடவில்லை. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பென்சில்வேனியாவின் மான் வேடர்கள் வூல்ரிச் ஆலை நெய்த சிவப்பும் கறுப்பும் கலந்த கட்டம் போட்ட கம்பளிக் கோட்டுகளை அணிந்து காட்டுக்குள் சென்றார்கள். மான்களோடு திரும்பியும் வந்தார்கள். இரண்டாம் உலகப்போரின்போது, 1942இல், அமெரிக்கப் படையினருக்கென நார்வெல் கில்லெஸ்பி என்ற தோட்டக்கலை வல்லுநர் வடிவமைத்த தவளைத்தோல் அச்சு, போர் முடிந்ததும் உபரிச் சரக்காக வாத்து வேடர்களிடம் வந்து சேர்ந்தது. வேட்டைக்கென்றே அச்சு வடிவமைக்கும் தொழில் வர்ஜீனியாவைச் சேர்ந்த ஜிம் கிரம்லி 1980இல் விற்பனைக்குக் கொண்டுவந்த ‘டிரீபார்க்’ மூலம் சூடுபிடித்தது. 1986இல் ஜார்ஜியாவின் கொலம்பஸ் நகரிலிருந்து பில் ஜோர்டனின் ‘ரியல்ட்ரீ’யும், மிசிசிப்பியின் வெஸ்ட் பாயின்ட்டிலிருந்து டாக்ஸி ஹாஸின் ‘மாஸி ஓக்’கும் வெளிவந்தன. இவையெல்லாம் காட்டை நேசித்த, காட்டைக் கூர்ந்து கவனித்த மனிதர்களின் படைப்புகள் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவர்கள் கவனித்தது மனிதக் கண்களால். இலையின் நரம்பு, பட்டையின் வெடிப்பு, பச்சைக்குள் பல வகைப் பச்சை ஆகியவை அனைத்தும் நமக்குத் தெரிகிற காடு.

மானுக்குத் தெரிகிற காடு எது என்பதை அளக்கும் முயற்சி 1992இல் ஜார்ஜியா மாநிலத்தின் ஏதென்ஸ் நகரிலுள்ள ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் நடந்தது. பார்வை ஆய்வாளர்களான ஜெரால்டு ஜேக்கப்ஸ், ஜே நைட்ஸ் ஆகிய இருவரும், கார்ல் மில்லர் உள்ளிட்ட ஜார்ஜியாவின் மான் ஆய்வாளர்களும் சேர்ந்து, மயக்க மருந்து கொடுக்கப்பட்ட மான்களின் கண்ணில் வெவ்வேறு அலைநீளம் கொண்ட ஒளியைப் பாய்ச்சி, விழித்திரையில் எழும் மின்துடிப்பைப் பதிவு செய்தார்கள். முடிவு 1994இல் வெளியானது. மனிதக் கண்ணில் நிறத்தை அறியும் கூம்பு செல்கள் மூன்று வகை. மானின் கண்ணில் இரண்டே வகை. ஒன்று 450 முதல் 460 நானோமீட்டர் அளவிலான நீல ஒளிக்கு அதிகம் துடிக்கிறது. மற்றொன்று 537 நானோமீட்டர் அளவிலான பச்சை ஒளிக்கு. சிவப்பின் பக்கம் சாய்ந்த நீண்ட அலைகளுக்கென்று நம்மிடம் இருக்கும் மூன்றாவது வகை மானிடம் இல்லை. 600 நானோமீட்டரைத் தாண்டிய ஒளிக்கு அதன் கண் வேகமாக மந்தமாகிவிடுகிறது.

இதை ‘மானுக்கு நிறமே தெரியாது’ என்று சுருக்கிச் சொல்லும் வழக்கம் வேடர்களிடையே உண்டு, அது பிழை. மானுக்கு நீலம் நன்றாகத் தெரியும், நீலத்தை மஞ்சளிலிருந்து பிரித்தறியவும் முடியும். அதனால் இயலாதது பச்சை, மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு ஆகியவற்றை ஒன்றிலிருந்து ஒன்று நிறத்தால் பிரிப்பது. சிவப்புக் கோட்டு அதற்குக் கருமை தட்டிய ஏதோ ஒன்றாகத் தெரியும். அந்தப் பழைய பென்சில்வேனியக் கம்பளிக் கோட்டு ஏன் வேட்டையைக் கெடுக்கவில்லை என்பதற்கு விளக்கம் இதுதான்: மானின் கண்ணுக்கு அது கறுப்பும் மங்கிய கருஞ்சாம்பலுமான பெரிய பெரிய கட்டங்கள், உடலின் விளிம்பைச் சற்றே உடைத்துக் காட்டும், நீலம் சிறிதும் கலக்காத, தூரத்திலிருந்து பார்த்தால் மரத்தடி நிழலோடு சேர்ந்துவிடும் துணி. தெரிந்து செய்ததோ தெரியாமல் செய்ததோ, அந்நாளைய ஆலை நெய்தது மோசமான மறைப்பு அன்று.

இரு நிறப் பார்வை ஒரு குறையாகவே எப்போதும் வேலை செய்வதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். மார்கன், ஆடம், மோலன் ஆகிய மூவரும் 1992இல் வெளியிட்ட ஆய்வொன்றில், சிவப்பு–பச்சை வேறுபாடு தெரியாத மனிதர்கள், இயல்பான பார்வை உள்ளவர்கள் தவறவிட்ட சில உருக்களைக் கண்டுபிடித்துவிட்டார்கள். நிறக் கலவை நம் கவனத்தைச் சிதறடிக்கிறது. அந்தக் கலவையே தெரியாதவர்களுக்கு உருவின் இழையமைப்பில் இருக்கும் வேறுபாடு நேரடியாகக் கண்ணில் படுகிறது. இந்த ஆய்வு மான்களை வைத்துச் செய்யப்பட்டதன்று. இருந்தாலும் வேடன் கற்க வேண்டிய பாடம் இதில் இருக்கிறது. பல வகைப் பச்சைகளையும் பழுப்புகளையும் அடுக்கி நம்மை ஏமாற்றும் அச்சு, அந்த நிறங்களையே பிரித்தறியாத விலங்கை ஏமாற்றும் என்று எடுத்துக்கொள்ள எந்தக் காரணமும் இல்லை. அங்கே கணக்கில் வருவது வெளிச்சமும் இருளும் எங்கெங்கே, எவ்வளவு பெரிதாக விழுகின்றன என்பதே.

இயற்கை இந்தக் கணக்கை எப்போதோ போட்டுவிட்டது. பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் ஜான் ஃபென்னெல் குழுவினர் 2019இல் வெளியிட்ட ஆய்வு, புலியின் செம்மஞ்சள் உடல் இரு நிறப் பார்வை கொண்ட இரைக்குப் பச்சைப் பின்னணியோடு கலந்துவிடுகிறது என்று காட்டியது. நம் கண்ணுக்கு முதுமலையிலோ சத்தியமங்கலத்திலோ புதரிடையே தீப்பற்றியதுபோலத் தெரியும் அந்த நிறம், அங்கே மேயும் புள்ளிமானுக்கும் கடமானுக்கும் புல்லின் நிறமாகவே படும். (இந்தியாவில் மான் வேட்டை 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் குற்றம், நம் காடுகளில் இந்த அறிவு பயன்படுவது கேமராவோடு செல்பவர்களுக்கு மட்டுமே.) பச்சை ரோமம் இல்லாத பாலூட்டி ஒன்று, பச்சை ரோமம் தேவைப்படாமலே மறைந்துகொள்கிறது. அதன் கோடுகளோ பெரியவை, கரியவை, உடலின் வடிவத்தை வெட்டிச் செல்பவை.

ஆக, செம்மஞ்சளும் சிவப்பும் பெரிய கவலையில்லை. கவலைப்பட வேண்டியது நீலம். ஜார்ஜியா பல்கலைக்கழகத்திலேயே பிராட்லி கோஹனும் பிறரும், பழக்கப்படுத்தப்பட்ட மான்களைக் கொண்டு 2014இல் வெளியிட்ட நடத்தை ஆய்வும், குட்டை அலை ஒளிக்கு மான் கூர்மையாக எதிர்வினை காட்டுவதை உறுதி செய்தது. நம் விழிவில்லை புற ஊதா ஒளியில் பெரும்பகுதியை வடிகட்டிவிடுகிறது. மானின் விழிவில்லை அதில் கணிசமான பங்கை உள்ளே விடுகிறது. விழித்திரைக்குப் பின்னாலுள்ள எதிரொளிக்கும் படலம், ஒரு முறை தப்பிச்சென்ற ஒளியை மறுபடியும் விழித்திரைக்கே திருப்பி அனுப்புகிறது; இரவில் வண்டி விளக்கில் மானின் கண் மின்னுவது அதனால்தான். மான்கள் அதிகம் நடமாடுவது விடியலிலும் அந்தியிலும். பல மாநிலங்களில் வேட்டைக்கு அனுமதிக்கப்பட்ட நேரமும் சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பிலிருந்து மறைவுக்கு அரை மணி பின்பு வரை நீள்கிறது. அந்த வேளைகளின் வெளிச்சத்தில் நீலப் பங்கு கூடுதல். நமக்கு எல்லாம் சாம்பலாகக் கரைந்துபோகும் அந்த நேரத்தில்தான் மானின் கண் முழுப் பலத்தோடு இயங்குகிறது.

இங்கேதான் பலரும் அறியாத ஒரு சிக்கல் நுழைகிறது. அது வருவது காட்டிலிருந்து அன்று, துணி துவைக்கும் இயந்திரத்திலிருந்து. இன்றைய சலவைத் தூள்களில் பெரும்பாலானவற்றில் வெண்மையூட்டிகள் கலந்திருக்கின்றன. வெள்ளை வேட்டியின் பழுப்பு தெரியாமலிருக்க நம் வீடுகளில் சொட்டு நீலம் போடுவதுபோன்ற நோக்கமே இதற்கும். ஆனால் வேலை செய்யும் விதம் வேறு. இந்த வேதிப்பொருள் கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளியை விழுங்கி, அதை நீல ஒளியாக வெளியே விடுகிறது. அந்த நீலம் ஏறத்தாழ மானின் நீலக் கூம்பு செல் அதிகம் துடிக்கும் இடத்திலேயே விழுகிறது. எனவே விலை உயர்ந்த அச்சுச் சட்டை ஒன்றை வீட்டுச் சலவைத் தூளில் சில முறை துவைத்துவிட்டால், மனிதக் கண்ணுக்குக் காய்ந்த இலையாகவே இருக்கும் அந்தத் துணி, அந்தி வெளிச்சத்தில் மானின் கண்ணுக்குச் சுற்றியுள்ள எதையும்விட வெளிறித் தெரியக்கூடும். மரப்பட்டையோ காய்ந்த இலையோ இப்படி ஒளிர்வதில்லை. நீல ஜீன்ஸ் அணிந்து காட்டுக்குச் செல்வதும் இதே காரணத்தால் தவறு. வெண்மையூட்டி கலக்காத சோப்பு ஒன்றை வாங்கி, வேட்டைத் துணியைத் தனியாகத் துவைப்பது, புதிய அச்சு வாங்குவதைவிட எத்தனையோ மடங்கு மலிவானது, பயனுள்ளதும்கூட.

அடுத்தது அச்சின் அளவு. மானின் பார்வைக் கூர்மை நம்முடையதைவிடக் கணிசமாகக் குறைவு. கடையில் கைக்கெட்டும் தூரத்தில் பிடித்துப் பார்க்கும்போது மனத்தைக் கவரும் நுணுக்கமான இலைகளும் சுள்ளிகளும், இருபது முப்பது மீட்டர் தள்ளி நிற்கும் மானின் கண்ணில் ஒன்றோடொன்று கலந்து ஒரே இருண்ட திட்டாகிவிடும். அந்தத் திட்டு மனித உடலின் வடிவத்தில் இருக்கும். நுணுக்கமான அச்சு இந்த வகையில் ஒற்றை நிறத் துணியைவிட மேலானதன்று. அமெரிக்கத் தரைப்படை அதிகாரியான திமோத்தி ஓநீல் 1970களில் முன்வைத்த இருநிலை அச்சு இதற்கு ஒரு விடை. அதில் பெரிய திட்டுகள் உடலின் வடிவத்தைத் துண்டாக்கும், சிறிய சதுரங்கள் பின்னணியின் இழையோடு ஒன்றும். அவரும் ஜே நைட்ஸும் ஆலோசனை சொல்ல, கோர் நிறுவனம் 2000களின் பிற்பகுதியில் கொண்டுவந்த ‘ஆப்டிஃபேட்’ அச்சு எந்த இலையையும் நகல் எடுக்காமல், விலங்கின் கண்ணில் உருவம் உருவமாகச் சேராமல் தடுப்பதையே நோக்கமாகக் கொண்டது. சந்தையில் மானின் கண்ணிலிருந்து தொடங்கி யோசித்த முயற்சிகளில் இது குறிப்பிடத்தக்கது. அதற்குக் கேட்கும் விலைக்கு ஈடான பலன் கிடைக்கிறதா என்பது வேறு விஷயம். கருமையும் வெளிர்மையும் கலந்த பெரிய கட்டங்கள் போட்ட பழைய கம்பளிச் சட்டையும் அதே திசையில்தான் வேலை செய்கிறது.

எந்த அச்சானாலும் பின்னணி தவறினால் பயனில்லை. அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக் காடுகளில் தரையிலிருந்து ஐந்தாறு மீட்டர் உயரத்தில் மரத்தில் கட்டிய பரணில் அமர்ந்து வேட்டையாடுவதே பெருவழக்கு. இலை உதிர்ந்த நவம்பரில் அந்தப் பரணில் அமர்ந்திருப்பவருக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் வானம். பட்டை நிற உடையணிந்த கரிய உருவம் வெளிறிய வானத்தின் முன் தெள்ளத்தெளிவாகத் தெரியும். அடிமரம் பருத்த மரத்தையோ, கிளைகள் நெருங்கிய ஊசியிலை மரத்தையோ தேர்ந்தெடுத்து, உடலை அந்த மரத்தோடு ஒட்டி வைத்துக்கொள்பவர் சாதாரணப் பழுப்புச் சட்டையோடும் தப்பித்துக்கொள்வார். முகமும் கைகளும் மறக்கப்படும் இடங்கள். வியர்வை படிந்த நெற்றியும் வெளிறிய உள்ளங்கையும் வெயிலை எதிரொளிக்கும். அதிகம் அசைவதும் அவையே. முழு உடைக்குச் செலவழித்துவிட்டு முகத்திரையும் கையுறையும் இல்லாமல் செல்வதைவிட, அந்த இரண்டை மட்டும் அணிந்து செல்வது மேல் என்பது என் கருத்து.

அசைவைப் பற்றிப் பேசாமல் மறைப்பைப் பற்றிப் பேசுவதில் பொருளில்லை. மானின் கண்கள் தலையின் இருபக்கமும் அமைந்தவை. தலையைத் திருப்பாமலே ஏறத்தாழ 300 பாகை வரை அது பார்க்கிறது. கிடைமட்டமான கண்மணியும், விழித்திரையில் அதே வாட்டத்தில் செல்கள் அடர்ந்திருக்கும் பட்டையும், அடிவானத்தை ஒட்டிய முழு வீச்சையும் ஒரே நேரத்தில் கண்காணிக்க உதவுகின்றன. அசையாத பொருளின் விவரத்தைப் பிரித்தறிவதில் பலவீனமான இந்தக் கண், அசைவை உணர்வதில் மிகக் கூர்மையானது. சந்தேகம் எழுந்தால் மான் தலையை மேலும் கீழும் ஆட்டி வெவ்வேறு கோணத்தில் பார்க்கும்; முன்காலால் தரையைத் தட்டும்; மேய்வதுபோலத் தலையைத் தாழ்த்திவிட்டுச் சட்டென்று நிமிரும். எதிரிலிருப்பதை அசைய வைத்து அடையாளம் காண்பதற்கான செயல்களாகவே இவற்றை அனுபவமுள்ளவர்கள் கருதுகிறார்கள். அதற்கு இடம் கொடுக்காமல் உறைந்து அமர்ந்திருப்பவரைச் செம்மஞ்சள் சட்டையிலும் மான் கடந்து போகும். கொசு கடிக்கிறதென்று கையைத் தூக்கியவரை எந்த அச்சும் காப்பாற்றாது.

கண்ணுக்கும் மேலே இருப்பது மூக்கு. மான் தன் கண்ணையே நம்பாத தருணங்கள் உண்டு, பார்த்த பிறகும் சிறிது நேரம் நின்று யோசிக்கும். மோப்பம் கிடைத்துவிட்டால் யோசனைக்கு இடமே இல்லை. வெள்ளை வாலைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடும். எனவே காற்றின் திசை பார்த்து இடம் தேர்ந்தெடுப்பதே வேட்டையின் முதல் விதி. மலைச்சரிவுகளில் இது இன்னும் நுட்பமாகிறது. காலை வெயிலில் சரிவு சூடேறும்போது காற்று மேலே ஏறும். மாலையில் குளிர்ந்த காற்று பள்ளத்தை நோக்கி வழியும். காலையில் சரியாக இருந்த பரண் மாலையில் தவறாகிவிடும். உடல் வாடையை உறிஞ்சும் என்று சொல்லி, கரி சேர்த்துத் தயாரிக்கப்பட்ட உடைகளும் இந்த இடத்தில் விற்கப்படுகின்றன. ஜான் ஷிவிக் 2002இல் வெளியிட்ட ஆய்வில் தேடல் நாய்களைக் கொண்டு அத்தகைய உடையைச் சோதித்தபோது, ஒளிந்திருந்தவர்களை நாய்கள் ஏறக்குறைய எல்லா முறையும் கண்டுபிடித்துவிட்டன. நாய் வேறு, மான் வேறு என்பது சரியான எதிர்வாதம். அதற்காகக் காற்றின் திசையைப் புறக்கணித்துவிட்டு உடையை நம்பும் துணிவு எனக்கு வராது.

இவ்வளவுக்குப் பிறகும் உடை முக்கியமாகும் ஒரு சூழல் உண்டு. அது வில் வேட்டை. ரைஃபிளோடு செல்பவர் நூறு மீட்டருக்கு அப்பாலிருந்தும் சுடலாம். அந்தத் தூரத்தில் அவர் அசையாதவரை என்ன அணிந்திருக்கிறார் என்பது மானுக்குப் பெரும்பாலும் பொருட்டன்று. வில்லேந்தியவரோ மானை இருபத்தைந்து மீட்டருக்குள் வரவிட வேண்டும். அது அருகில் நிற்கும்போதே நாணை இழுக்கவும் வேண்டும். அவருடைய மிகப் பெரிய அசைவு மிக நெருக்கத்தில் நிகழ்கிறது. மான் ஒரு மரத்துக்குப் பின்னால் தலையை மறைக்கும் நொடிக்காகக் காத்திருந்து இழுப்பது பழகியவர்களின் வழக்கம். உடலின் விளிம்பை உடைக்கும் உடையும், மூடிய முகமும் கையும், அந்த ஒரு நொடியில் கிடைக்கும் சிறு சலுகைகள்.

இது வேடனின் வசதியைப் பற்றிய விஷயம் மட்டுமன்று, மானின் வேதனையைப் பற்றியதும்கூட. நொடிக்குத் தொண்ணூறு மீட்டர் வேகத்தில் செல்லும் அம்பு இருபத்தேழு மீட்டரைக் கடக்க ஏறக்குறைய 0.3 நொடி ஆகும். நாண் அதிரும் ஓசையோ 0.08 நொடியில் மானின் காதை எட்டிவிடும். ஏற்கெனவே எதையோ பார்த்து விறைத்து நிற்கும் மான், மிச்சமிருக்கும் அந்த 0.2 நொடிக்குள் பாய்ச்சலுக்காக உடலைத் தாழ்த்திவிடும். இதயத்துக்குக் குறிவைத்த அம்பு முதுகுத் தசையில் தைத்து, மான் காயத்தோடு காட்டுக்குள் மறைந்துவிடக்கூடும். ஐயம் எழாமல் மேய்ந்துகொண்டிருக்கும் மானிடம் இந்த ஆபத்து குறைவு. வேட்டையை ஏற்றுக்கொள்கிற சமூகம் அதனிடம் எதிர்பார்க்க வேண்டிய முதல் கடமை விரைவான, தெளிவான மரணம் என்றால், வில்லேந்துபவர் தன் மறைப்பில் அக்கறை காட்டுவது நியாயமே.

துப்பாக்கியால் வேட்டையாட அனுமதியுள்ள பருவத்தில் நிலைமை தலைகீழ். பெரும்பான்மை மாநிலங்கள் ஒளிரும் செம்மஞ்சள் நிறத்தைச் சட்டப்படி கட்டாயமாக்கியிருக்கின்றன. பென்சில்வேனியாவில் தலை, மார்பு, முதுகு ஆகியவற்றில் சேர்த்து 250 சதுர அங்குலம். ஜார்ஜியாவில் இடுப்புக்கு மேல் 500 சதுர அங்குலம். விஸ்கான்சினில் இடுப்புக்கு மேலான வெளி உடையில் குறைந்தது பாதி, அங்கே 2016 முதல் ஒளிரும் இளஞ்சிவப்பும் செல்லும். ஏறத்தாழ 600 நானோமீட்டரை ஒட்டி ஒளிரும் இந்த நிறம் நம் கண்ணைப் பறிப்பதற்கும் மானின் கண்ணில் மங்கிப்போவதற்கும் காரணம் ஒன்றே: நம்மிடமுள்ள மூன்றாவது கூம்பு செல் அதனிடம் இல்லாதது. மற்றொரு வேடனின் குண்டிலிருந்து மனித உயிரைக் காக்கும் இந்தத் துணி வேட்டைக்கு ஏறக்குறைய எந்த இழப்பையும் ஏற்படுத்துவதில்லை. அப்படியிருந்தும் சட்டம் வற்புறுத்தாத இடங்களில் அதைத் தவிர்த்துவிட்டு முழு உருமறைப்பில் துப்பாக்கியோடு காட்டுக்குள் செல்பவர்கள் இருக்கிறார்கள். மானிடமிருந்து கிடைக்காத ஒரு நன்மைக்காக உயிரைப் பணயம் வைக்கும் அந்தப் பழக்கத்தை எந்த வகையிலும் ஏற்க முடியாது.

காட்டு வான்கோழி வேட்டையோடு இதை ஒப்பிட்டுவிடக் கூடாது. பறவைகளுக்குக் கூம்பு செல் நான்கு வகை. நிறம் பிரித்தறிவதில் அவை நம்மையும் மிஞ்சியவை. வான்கோழி வேட்டைக்குத் தேவையான முழு உடல் மறைப்பை அப்படியே மான் வேட்டைக்கும் கொண்டுவரத் தேவையில்லை.

புதிய உடை வாங்குவதற்கு முன் வீட்டிலிருப்பதைச் சோதித்துப் பார்க்க இரண்டு எளிய வழிகள் உண்டு. அந்த உடையோடு காட்டு ஓரத்தில் ஒருவரை அமர வைத்து, இருபத்தைந்து மீட்டர் தள்ளி நின்று, அந்தி வெளிச்சத்தில் கைப்பேசியில் படம் எடுத்து, அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிச் சற்றே மங்கலாக்கிப் பார்க்கலாம். உடல் ஒரே திட்டாகச் சேர்கிறதா, பின்னணியைவிட வெளிறியோ கறுத்தோ தனித்து நிற்கிறதா என்பது அதில் தெரிந்துவிடும். நீல ஒளிர்வை இந்தப் படம் காட்டாது. அதற்கு, ரூபாய் நோட்டுச் சோதிக்கப் பயன்படும் சிறிய புற ஊதா விளக்கை இருட்டறையில் துணியின்மேல் பிடித்தால் போதும். துணி நீலமாக ஒளிர்ந்தால், அதன்மேல் எவ்வளவு அழகிய இலை அச்சிடப்பட்டிருந்தாலும், அதை வீட்டிலேயே விட்டுவிட்டு அலமாரியிலுள்ள பழைய பழுப்புக் கம்பளிச் சட்டையை எடுத்துக்கொள்வது நல்லது.